ஞாயிற்றுக்கிழமைக் காட்சி

என் அப்பா அழகுமுத்து இருபத்தாறு சிங்களப் படங்களில் நடித்தார். இருபத்தாறிலும் அவர் தமிழன்தான். கடலைக்காரத் தமிழன், வட்டிக்காரத் தமிழன், கதாநாயகனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் தமிழன். அவர் வாயைத் திறந்தால் சிங்களம் நொண்டும், தியேட்டர் சிரிக்கும். இன்றைக்கும் யாராவது அவர் பெயரைச் சொல்லி, "ஐயோ, என்ன ஒரு பகிடி!" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவின் சிங்களம் அப்படிப்பட்டதல்ல. கொழும்பு ஜிந்துப்பிட்டிச் சந்துகளில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்று, பேப்பர் படித்துத் தீட்டிக்கொண்ட சுத்தமான சிங்களம். துறைமுகத்தில் லிகிதராக இருந்தபோது மேலதிகாரிகளின் கடிதங்களைக்கூட அவர்தான் எழுதிக் கொடுப்பார். முதல் படத்துக்குப் போன அன்று அவர் பேசியதைக் கேட்டு டைரக்டர் முகத்தைச் சுளித்தாராம். இப்படிப் பேசினால் எவன் சிரிப்பான், உடைத்துப் பேசு என்றாராம். அப்பா ஒரு கொப்பி வாங்கினார். கொட்டாஞ்சேனைச் சந்தையில் மரக்கறி விற்கிற நம்முடைய சனம் சிங்களத்தில் விடுகிற பிழைகளை எல்லாம் அதில் எழுதினார். கண்ணாடிக்கு முன்னால் நின்று அவற்றை மனப்பாடம் செய்தார். "இன்னும் சுத்தமாத்தாங்க இருக்கு" என்று அம்மா அடுப்படியிலிருந்து திருத்துவாள். நானும் பக்கத்தில் நின்று சிரித்தவள்தான். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் சந்து எரிந்தபோது படக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்கு நாள் எங்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டவர் பக்கத்து வீட்டு இஸ்ஸதீன் நானா. ஆறு மாதம் கழித்து ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டுக் கார் அனுப்பினார்கள். அப்பா ஏறிப் போனார். எனக்கு அப்போது ஆறு வயது. அவர் அந்தக் காரில் ஏறியதை நான் மன்னிக்கவே இல்லை.

தொண்ணூற்றாறில் நான் வெள்ளவத்தையில் ஒரு சாரிக் கடையில் வேலை செய்தேன். தீபாவளி நேரம் கடை பூட்டப் பிந்தினால், கூட வேலை செய்த மேபல் அக்காவின் அறையில் தங்கிவிடுவேன். தமிழர் எங்கே தங்குகிறோமோ அங்கே பொலிசில் பெயர் பதிந்திருக்க வேண்டிய காலம் அது. என் பெயர் ஜிந்துப்பிட்டி வீட்டின் பதிவுத் தாளில் இருந்தது. ஒரு நாள் தங்குவதற்கு யார் போய்ப் பதிவார்கள்? விடியற்காலை சுற்றிவளைப்பில் வந்தவர்கள் மேபல் அக்காவின் தாளைப் பார்த்தார்கள். என் பெயர் இல்லை. என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மதியம் அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். வீட்டுத் தாளை நீட்டி, தன்னுடைய நல்ல சிங்களத்தில், பணிவாக, ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் பேசப் பேச இன்ஸ்பெக்டரின் முகம் இறுகியது.

"தமிழனுக்கு இவ்வளவு நல்ல சிங்களம் எதுக்கு? யார் பழக்கினது?"

என்னை விடுவது இருக்கட்டும், அவரையும் பிடித்துவைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு கொன்ஸ்டபிள், "சேர், இது அந்தக் கடலைக்காரன்!" என்று கத்தினான். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அப்படியானால் பேசிக் காட்டு என்றான்.

அப்பா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு முதுகைக் கூனினார், கண்ணை உருட்டினார், கொப்பியில் எழுதிப் படித்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். ஸ்டேஷனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெஞ்சில் என் பக்கத்தில் மலையகத்து ஹற்றனிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்காகப் பேசிக் காட்ட யாரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்தபடி என்னைப் போகச் சொன்னான். ஆனால் ஞாயிறுதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அப்பாவும் கூட வர வேண்டும்.

எட்டு ஞாயிறு போனோம். எட்டு ஞாயிறும் அப்பா நடித்தார். ஒரு நாள் இன்ஸ்பெக்டர் பெண்டாட்டி பிள்ளைகளையே கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்தான். அந்த மனுசனின் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

ஒன்பதாவது ஞாயிறு அப்பாவுக்குக் காய்ச்சல். நிற்கவே முடியவில்லை. அப்படியும் அவர்கள் கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பாவுக்கு இன்னைக்கு நடிக்க ஏலாது. நான் கையெழுத்துப் போட வந்திருக்கேன். புத்தகத்தைத் தாங்க" என்று சிங்களத்தில் சொன்னேன். அப்பாவின் சிங்களம்தான் எனக்கும். ஒரு பிழையும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் தள்ளிவிட்டான். கையெழுத்துப் போட்டேன்.

பஸ் தரிப்பிடத்தில் அப்பா என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை.

"திருப்பி உள்ள போட்டுட்டான்னா நான் என்னா செய்வேன்? அவனுக்குக் குடுக்க என்கிட்ட வேற என்னா இருக்கு புள்ள?"

அடுத்த ஞாயிறு அவருக்குச் சொல்லாமல் தனியாகப் போனேன். புத்தகம் தரவில்லை. தகப்பன் வரட்டும் என்று என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காலை போய் மதியம் ஆனது. மூன்று மணியளவில் வெளியே கொன்ஸ்டபிள்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா வாசலிலேயே தொடங்கிவிட்டிருந்தார்.