ஜெயசீலியின் பச்சை நாற்காலிகள்

ஜெயசீலி எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த வாத்தியாரம்மா. அதிர்ந்து பேசாத மனுஷி. வகுப்பில் பிள்ளைகள் கத்தினால்கூட, கத்தி முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். ஆனாலும் சித்தூர் தமிழ்ச் சபையில் அவள் பேரைச் சொன்னால் சில பேர் இன்றைக்கும் தங்கள் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோன வருஷம் அது. அதற்கு முந்தின வருஷம்தான் ஜெயசீலியின் அப்பா, உபதேசியார் ஏசுரத்தினம், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஓட்டு வீடு ஒன்று, கை வைத்த பலகை நாற்காலிகள் நாலு, நீளமான பெஞ்சு ஒன்று, முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத மகள் ஒருத்தி. அவர் விட்டுப்போனதில் மிச்சம் இவ்வளவுதான். மகளையும் நாற்காலிக் கணக்கில் சேர்த்தது நான் அல்ல. அவளுடைய அண்ணன் ஜெபதாஸ்.

ஜெபதாஸ் புத்தூர் ரயில் நிலையத்தில் குமாஸ்தா. வீட்டைப் பூட்டிவிட்டு, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தங்கையையும் புத்தூருக்கு அழைத்துப் போய்விடுவது என்று அவரே பேசி அவரே முடிவு செய்திருந்தார். "தனியா இருந்தா ஊர் என்னா சொல்லும்?" என்பார். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அவர்தான்.

ஜெயசீலிக்குப் போக இஷ்டமில்லை. பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் விட்டால் அவளுக்கு உயிர் ஏது? ஆனால் "வரமாட்டேன்" என்ற ஒரு வார்த்தை அவள் வாயில் வராது. "அண்ணன் முன்னாடி நின்னா நாக்கு மேல்வாயோட ஒட்டிக்குதுடி" என்பாள். எனக்குக் கோபமாக வரும்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஜார் தெருவில் பச்சைப் பெயிண்ட் டப்பா வாங்கினாள். அடுப்புச் சட்டி மாதிரி கறுத்துக் கிடந்த நாற்காலிகளையும் பெஞ்சையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினாள்.

"எதுக்குடி இது?" என்றேன்.

"இதைப் பார்த்தா, இந்த ஊட்டுல ஒருத்தி வாழ்ந்துக்கினு இருக்கறான்னு அண்ணனுக்குத் தெரியும் இல்ல?"

வாயால் சொல்ல முடியாததை நாற்காலிக்குப் பூசப் பார்த்தாள், பாவம். நானும் ஒரு பிரஷ் எடுத்துக்கொண்டேன். பூசி முடித்தபோது கூடமே வெளிச்சமாகிவிட்டது. மாந்தளிருக்கு அடுத்த வாரத்துப் பச்சை. எங்கள் இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாளே காய்ந்துவிடும் என்று கடைக்காரர் தெலுங்கில் சத்தியம் செய்திருந்தார். காயவில்லை. அதற்கடுத்த நாளும் பிசுபிசு என்றுதான் இருந்தது. கடைக்காரரைத் திட்டித் தீர்த்தோம். குற்றம் எங்களுடையது. கிறிஸ்துமஸ் வந்தால் உபதேசியார் வீட்டில் நாற்காலிகளுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்குவது வழக்கம். வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த மரம் அது. அதைச் சுரண்டாமல் மேலே பெயிண்டைப் பூசினால் எங்கே காயும்?

அந்தச் சனிக்கிழமை பார்த்து ஜெபதாஸ் வந்து இறங்கினார். கூடவே மனைவி யூனிஸ், சபைப் போதகர் அசரியா ஐயா. வாசலில் இரட்டை மாட்டு வண்டி. ஜெயசீலி, "ஈரமா இருக்குதுங்க, பாயில உக்காருங்க" என்று மட்டும் சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

நான் போனபோது ஜெபதாஸ் குதித்துக்கொண்டிருந்தார். "நைனா உக்காந்த நாற்காலிக்கு எவளாவது பச்சை பூசுவாளா? கிளிக்கூண்டா இது?"

போதகர் சமாதானக்காரர். "ஜெபம் பண்ணிட்டு முடிவெடுக்கலாம் ஜெபதாஸ். கர்த்தருடைய சித்தம் என்னான்னு கேப்போம்" என்றார்.

எங்கள் சபையில் ஜெபம் என்றால் முழங்காலில் நிற்பது மட்டுமல்ல. நாற்காலியைப் பார்த்துத் திரும்பி, பலகையில் முழங்கையை ஊன்றி, கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், யோசித்தா செய்கிறோம்? போதகர் ஒரு நாற்காலியில், ஜெபதாஸ் அப்பாவின் நாற்காலியில், யூனிஸும் நானும் பெஞ்சில், பெயிண்டைப் பூசிய ஜெயசீலியே ஒரு நாற்காலியில். கண்ணை மூடினோம். ஊன்றினோம்.

ஊன்றிய அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் விசாரித்ததில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறப்பதா? வாயைத் திறப்பதா? சபையில் தலைகாட்ட முடியுமா? போதகரோ ஆதாமில் ஆரம்பித்துவிட்டார். ஆபிரகாம், யாக்கோபு என்று வரிசையாக வந்து, அவர் ஆமென் சொல்வதற்குள் முழங்கைகள் பலகையோடு ஐக்கியமாகிவிட்டன.

எழுந்தோம். பரக் பரக் என்று சத்தம். போதகரின் வெள்ளைக் கோட்டுக் கை இரண்டும் பச்சை, தாடியிலும் பச்சை. ஜெபதாஸ் உருக்கமாக ஜெபிக்கிறவர், நெற்றியையே பலகையில் வைத்திருக்கிறார். நெற்றியும் மூக்கு நுனியும் பச்சை. முதலில் சிரித்தது யூனிஸ். புருஷனைப் பார்த்துச் சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள். பிறகு போதகர். பிறகு நான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஜெயசீலியும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னாள்: "அண்ணா, நான் புத்தூருக்கு வரமாட்டேன். நாற்காலியும் வராது."

அவள் குரல்தானா என்று நான் திரும்பிப் பார்த்தேன். பச்சை நெற்றியோடு ஜெபதாஸ் போதகரைப் பார்த்தார். போதகர் தாடியைத் துடைத்துக்கொண்டே, "கேட்டோம் இல்ல, பதில் வந்துடுச்சு" என்றார். ஜெபதாஸ் போய் வண்டியில் ஏறினார். காலி வண்டி கடகடவென்று ஆடிக்கொண்டே போயிற்று.

அன்று மாலையே ஜெயசீலி ஆரம்பித்தாள். கண்ணாடிச் சில்லால் பெயிண்டைச் சுரண்டி, சலவைச் சோடாத் தண்ணீரில் எண்ணெய் போகக் கழுவி, வெயிலில் போட்டு, உப்புத்தாளால் தேய்த்தாள். கை கொப்பளித்தது. மறுபடி அதே பச்சை. இந்தத் தடவை கல் மாதிரி காய்ந்தது. சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து அதில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். ஆனால் அண்ணனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அது அவளுக்கு உள்ளுக்குள் வலித்தது. எனக்கும்தான், அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. யூனிஸ் இறங்கினாள். பின்னாலேயே ஜெபதாஸ், ஒரு மேசையை அணைத்துப் பிடித்துக்கொண்டு. உபதேசியாரின் எழுதுமேசை. அப்பாவின் அடக்கம் முடிந்த கையோடு ஜெபதாஸ் புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனது. கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இது இங்க இருக்க வேண்டியது. இதுக்கும் அந்தப் பச்சையே பூசிடு, ஜெயா."

ஜெயசீலி மேசையைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாத்தியாரம்மா அல்லவா?

"முதல்ல எண்ணெய் போகணும் அண்ணா" என்று உப்புத்தாளை அவர் கையிலேயே கொடுத்தாள். புத்தூர் குமாஸ்தா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்.