டொலுவீனில் இறங்கிய ஊதா

வடிதாளுக்குக் கீழே இருந்த குடுவையில் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. என் தோழிதான் முதலில் பார்த்தாள்.

“ஏய், இங்க வாயேன். கலர் வருது.”

“என்ன கலரு?”

“ஊதா.”

எழுந்து போய்ப் பார்த்தேன். நாவல்பழம் கழுவிய தண்ணீர்போல இருந்தது. அது என்னவென்று இருவருக்கும் தெரியும்.

2008 மழைக்காலம். சிதம்பரத்தில் ஓர் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தோம். நான் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் வருவேன். ரயில் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்ததால் பஸ்தான். அவள் காடாம்புலியூர்க்காரி, விடுதியில் தங்கியிருந்தாள்.

எங்கள் வேலையை வீட்டில் விளக்கப் படாத பாடு பட்டிருக்கிறேன். ஃபுல்லரின் என்பது அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த, கால்பந்து வடிவ மூலக்கூறு. நானோகுழாயும் கார்பன்தான், கண்ணுக்கே தெரியாத குழாய். அந்தப் பந்துகளைக் குழாய்க்குள் வரிசையாக அடைக்க வேண்டும்.

“பட்டாணிக் காய்க்குள்ள பட்டாணி இருக்குமே, அது மாதிரியா?” என்று அம்மா கேட்டாள். அதேதான்.

உள்ளே போனதா என்று பார்க்க ராமன் நிறமாலை. லேசர் ஒளியைப் பாய்ச்சினால், மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்பச் சிதறி வரும் ஒளியின் நிறம் துளி மாறும். அதை வரைபடமாக்கினால் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்குரிய இடத்தில் முகடு எழும்.

ஃபுல்லரினின் முகடு எங்களுக்குக் கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் அதை ஒரு மாநாட்டில் காட்டிக் கைதட்டல் வாங்கி வந்திருந்தார். கட்டுரையும் ஓர் இதழுக்குப் போயிருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்க அனுப்புமுன் குழாய்த் தூளைச் சுத்தம் செய்யலாமே என்றுதான் தோழி டொலுவீன் என்ற கரைப்பானை ஊற்றினாள். ஃபுல்லரின் டொலுவீனில் கரைந்து ஊதா நிறம் கொடுக்கும். குழாய்க்குள் இருந்தால் அவ்வளவு சுலபமாக வெளியே வராது.

“வெளில ஒட்டினது கொஞ்சம் இருக்கும்டீ. அதான் வருது,” என்றேன்.

மறுபடி ஊற்றினாள். மறுபடி ஊதா. நிறம் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

மிஞ்சிய கறுப்புத் தூளோடு சென்னைக்குப் போனோம். ராமன் கருவி அங்கேதான் இருந்தது. அதை இயக்குபவர் திரையைப் பார்த்துவிட்டு, “மேடம், சாம்பிள் மாத்திக் குடுத்துட்டீங்களா? இதுல வெறும் குழாய்தான் இருக்கு,” என்றார். முகடு இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது. வெளியே ஒட்டியிருந்ததைத்தான் ஒரு வருஷமாக உள்ளே இருப்பதாக நம்பியிருக்கிறோம். பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்த தோழி நிமிரவே இல்லை.

பேராசிரியருக்கு முதலில் கோபம் வந்தது கழுவியதற்காக.

“யாரு உங்களக் கழுவச் சொன்னது?”

சென்னையில் எடுத்த வரைபடத்தை அவர் முன் வைத்தேன். பிறகு, “நீங்க கழுவலன்னா வேற எவனாவது கழுவியிருப்பான்,” என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறும் மின்னஞ்சலை எங்கள் எதிரிலேயே அடித்தார். அனுப்புமுன் தாழ்ந்த குரலில் எங்களுக்குப் படித்துக் காட்டினார். கத்தியே பழக்கப்பட்ட மனிதரை அப்படிப் பார்த்தது எங்களை இன்னும் கலக்கிவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போன தோழி திரும்பவில்லை. பண்ருட்டியில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். “என்னால முடியலடீ. கண்ண மூடுனா அந்தக் கலருதான் வருது,” என்றாள் போனில்.

நான் தனியாகத் தொடர்ந்தேன். குழாய்களின் முனைகள் மூடியிருந்ததுதான் வினை. காற்றில் சூடாக்கி முனைகளைத் திறந்தேன். ஃபுல்லரினோடு சேர்த்து, காற்று நீக்கிய குவார்ட்ஸ் குழலில் அடைத்து, நாள்கணக்கில் உலையில் வைத்தேன். டொலுவீன் நிறமில்லாமல் இறங்கும்வரை கழுவிவிட்டு மறுபடி சென்னைக்குப் போனேன்.

திரையில் முகடு எழுந்தது. சின்னதுதான். ஆனால் இடம் பிசகியிருந்தது. வரைபடத்தின் அச்சில் வழக்கமான எண்ணைவிடச் சற்றுக் குறைவாக நின்றது.

“மெஷின்ல தப்பா?” என்றேன்.

“இப்பத்தான் சிலிக்கான் வெச்சு செக் பண்ணேன் மேடம். அதோட முகடு சரியான எடத்துலதான் வருது, மெஷின் கரெக்டா இருக்கு.”

பழைய வரைபடத்தை எடுத்து அருகில் வைத்தேன். அதில் முகடு, சும்மா வெளியே கிடக்கும் ஃபுல்லரினுக்கு எங்கே வருமோ அங்கேயே நின்றது. குழாய்க்குள் போயிருந்தால் சுவரின் நெருக்கத்தில் அதிர்வு லேசாக மாறி முகடு நகர்ந்திருக்க வேண்டும். நகரவே இல்லை. அந்தப் படத்தை மாநாட்டு அரங்கமே பார்த்தது. ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. இம்முறை பந்துகள் உள்ளே போய்விட்டன என்பது எனக்கு உறைக்கவே நேரமாயிற்று.

வெளியே வந்து தோழிக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூட இரைச்சல் கேட்டது.

“உள்ள போயிடுச்சுடீ.”

“எது?”

“ஃபுல்லரின். குழாய்க்குள்ள.”

இரைச்சல் கூடியது. “கேக்குதா?” என்றேன்.

“கேக்குது. இரு, பசங்க பாக்குறாங்க, வெளில வரேன்.”

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஏங்கி ஏங்கி அழும் சத்தம். நான் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புதிய கட்டுரையில் அவள் பெயரையும் பேராசிரியர் சேர்த்தார். அவள் ஆய்வுக்குத் திரும்பவில்லை. 2011-இல் எனக்குப் பட்டம் கிடைத்தபோது கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். வாழ்த்துச் சொல்வாள் என்று நினைத்தேன்.

“ஒரு வருஷம் அந்தப் படத்த செவுத்துல ஒட்டி வெச்சிருந்தோமேடீ,” என்றாள். “முகடு நகரவே இல்ல. எப்படிப் பாக்காம இருந்தோம்?”

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.