கறுப்பாகத் தெரிந்த கண்ணாடி

என் மேசை இழுப்பறையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டு கிடக்கிறது. இரண்டு வகைக் கண்ணாடிகளை உருக்கி ஒட்டியது. ஸ்கூடாய்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்தபோது செய்தது. ஒரு பாதி, கலவைப் பிரிவில் இருந்த, நாங்கள் மிக்சிங் அக்கா என்று கூப்பிடும் அக்கா எடைபோட்டுக் கலந்த மணலிலும் சோடாவிலும் உருவானது. மறுபாதி, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கண்ணாடி. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஒட்டிய துண்டை உலையிலேயே மெல்ல ஆறவிட்டு, ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து விளக்கைப் போடுவேன். இரண்டும் ஒத்துப்போனால் இருட்டாகத் தெரியும். ஒத்துப்போகாவிட்டால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். ஒட்டிய இடம் பளிச்சிடும். தகட்டைத் திருப்பி அந்த வெளிச்சத்தை அணைக்கும் கோணத்திலிருந்து வித்தியாசத்தைக் கணக்கிடுவேன்.

அக்கா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வாசலில் வந்து நிற்பார். "என்னா தங்கச்சி, நம்ம கண்ணாடி கறுப்பா இருக்கா?" கறுப்புதான் என்றால், "என்னை மாதிரியேலா!" என்று கூடமே அதிரச் சிரிப்பார்.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் பாலோவில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில், உலை ஆறுமுன்பே இந்தத் துண்டை வெளியே எடுத்தேன். பளிச்சென்று வெளிச்சம். வேகமாக ஆறினாலும் அப்படித்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் 'கலவையில் தவறு' என்று எழுதி மேலாளரிடம் நீட்டிவிட்டு ஓடினேன்.

விடுமுறை முடிந்து வந்தால், அக்காவைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். அவர் இடத்தில் வேறொருவர். அதே துண்டை மறுபடி சூடாக்கி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுப் பார்த்தேன். கறுப்பு. 'மறு அளவீட்டில் சரி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேலாளர் அக்காவைப் பழைய இடத்துக்குத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

அவர்தான் என்னைத் தேடி வந்தார். "சரியா வந்துருச்சாமே? எடையில நான் தப்பு பண்ண மாட்டேன்னு அப்பவே சொன்னேன்லா. உங்க மெஷின்தான் ஏதோ கோளாறு." நான் தலையாட்டினேன். இன்றுவரை நான் வெட்கப்படுவது அந்தத் தலையாட்டலுக்குத்தான்.

நேற்று அந்தத் துண்டை மடிக்கணினித் திரைமுன் பிடித்து, கார் ஓட்டும்போது போடும் வெயில் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். திரையும் வெயில் கண்ணாடியும் அந்தத் தகடுகளைப் போலவே ஒளியை வடிகட்டும். இருட்டு. மறுபடி சூடாக்கியதில் என் அவசரத்தின் தடயம் துளியும் மிச்சமில்லை. நடந்ததை இனி நான் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அக்கா இப்போது தங்காக்கில் மகள் வீட்டில் இருக்கிறார். தீபாவளி தவறாமல் குரல்செய்தி வரும். வாழ்த்தின் கடைசியில் அதே சிரிப்பு, அதே கேள்வி: "என்னா தங்கச்சி, கறுப்பா இருக்கா?"

கறுப்புதான் அக்கா என்று பதில் அனுப்புகிறேன்.