பூட்டிய கடையில் பிள்ளையார்

ராஜலிங்கத்தின் கதையைச் சொல்வதென்றால் முதலில் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். பரவாயில்லை, திட்டிக்கொள்கிறேன்.

அவன் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கண்டி டவுனில், கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் வழியில் சின்னக் கடையொன்று எடுத்து, போட்டோகொப்பி மெஷினும் கம்பியூட்டரும் வைத்திருந்தான். தோட்டத்துச் சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பான்; பாதிப் பேரிடம் காசு வாங்கமாட்டான். வாடகை ஒப்பந்தமும் டைப் செய்வான். "குடியிருப்பவர் வெளியேற்றப்பட்டாலும், சாவியை ஒப்படைக்கும் நாள்வரை வாடகைக்கு அவரே பொறுப்பு" என்ற வரியை நூறு பேருக்காவது அடித்துக் கொடுத்திருப்பான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் பிறகு நடந்தது.

கடைக்குச் சொந்தக்காரி கெலிஓயாவிலிருக்கும் பஸீஹா உம்மா. கணவர் மௌத்தான பிறகு அந்த வாடகையில்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. ஒப்பந்தத்தில் ராஜலிங்கத்துக்குப் பிணை நின்றவன் நான், மாநகரசபையில் கிளாக் வேலை பார்க்கும் ஸ்ரீதரன்.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருஷம் கரண்ட் இல்லை, பேப்பர் விலை கைவைக்க முடியாதபடி ஏறிவிட்டது. மெஷின் சும்மா கிடந்தது. வாடகை ஆறு மாதம் நின்று, அட்வான்ஸ் காசும் அதில் கரைந்து, கடையைக் காலி செய்யச் சொல்லி லோயர் கடிதம் வந்தது.

காலி செய்தது ஒரு வெள்ளிக்கிழமை. மேசை, கதிரை, மெஷின் எல்லாம் லொறியில் ஏறிவிட்டன. சுவரில் பிள்ளையார் படமும் கீழே விளக்கும்தான் பாக்கி. படத்துக்குக் கை நீட்டியவனைத் தடுத்தது நான்.

"டேய், வெள்ளிக்கெழம சாமிய வெளிய எடுக்காத. லட்சுமியும் கூடவே போயிரும். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்க."

லட்சுமி போய் ஆறு மாதமாகிவிட்டது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அவன் தன் பூட்டையே போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிறு வரவேயில்லை. வத்தேகமயில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் எழுதப் போனான். டவுனுக்கு வந்தாலும் பழைய தெருவை விட்டுச் சுற்றிப் போவான். நானும் கேட்கவில்லை. மூன்று மாதம் ஓடியது.

பிறகு எங்கள் இருவருக்கும் கடிதம் வந்தது. பழைய பாக்கியோடு, கடையை விட்டுப் போன பிறகான மூன்று மாத வாடகையும் கட்டச் சொல்லியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளில்லாத கடைக்கு வாடகையா? அவன் கட்டாவிட்டால் என் சம்பளத்தில் அல்லவா கைவைப்பார்கள்? லீவு போட்டு, அவனை இழுத்துக்கொண்டு கெலிஓயாவுக்கு பஸ் ஏறினேன்.

"அண்ணே, சண்ட போடாதீங்க," என்றான் வழியில். "அந்த ஒப்பந்தத்தையும் நான்தான் டைப் பண்ணுனேன்."

"அப்ப சாவிய ஏன்டா குடுக்கல?"

"குடுக்கணும்னா அவங்க மொகத்தப் பாக்கணுமேண்ணே."

பஸீஹா உம்மா கதிரை போட்டு உட்காரவைத்து, தேத்தண்ணியும் தந்தார். நான் ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடங்கினேன். "கடைக்குள்ள ஆளும் இல்ல, சாமானும் இல்ல. பூட்ட ஒடச்சு வேற ஆளுக்குக் குடுத்திருக்கலாமே. யாரு தடுத்தா?"

அவர் கோபப்படவில்லை. "ஆள் வந்த, மகன். ஒரு பேக்கரிக்காரர் அட்வான்ஸோட வந்தாரு. பூட்ட ஒடைக்க ஆளும் கூட்டிப் போன. கதவு இடுக்கால பாத்தா உங்கட சாமிப் படம் ஈக்குது. வேற மனிசர் தொட்டா உங்கட மனசு நோகும் எண்டு நான்தான் வாணாம் எண்டு சென்ன. லிங்கம் வந்து எடுப்பாரு எண்டு பாத்துட்டு இருந்த. பேக்கரிக்காரர் வேற கடைக்குப் போய்ட்டாரு. எனக்கு மருந்துக்கும் மகள்ட்ட கை நீட்ட வேண்டியதாப் போச்சு."

இருபது வருஷமாக மற்றவர்களுக்குச் சட்டம் பேசியவன் நான். அவர் தந்த தேத்தண்ணியை விழுங்கவும் வெட்கமாக இருந்தது.

"உம்மா, அன்னைக்குப் படத்த விட்டுட்டு வரச் சொன்னது நான்தான்," என்றேன்.

ராஜலிங்கம் சாவியை மேசையில் வைத்தான். உம்மா அதைக் கையில் எடுத்தார். "இந்தத் தொறப்ப அண்டைக்கே தந்திருந்தா நான் லோயர்ட போயிருக்க மாட்டேன், மகன்."

அவன் ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினான். பழைய பாக்கி, அந்த மூன்று மாதம், மாதாமாதம் எவ்வளவு கட்டுவான் என்பதெல்லாம் எழுதினான். மூன்றில் ஒரு மாதத்தை விட்டுவிடச் சொன்னார் உம்மா.

"வேணாம் உம்மா. முழுசா எழுதிட்டேன்," என்றான் தலை நிமிராமல்.

கீழே நான் மறுபடியும் பிணைக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டுத்தான் போட்டேன். உம்மா சாவியைத் திருப்பி நீட்டி, படத்தை எடுத்துவிட்டு வந்து தரும்படி சொன்னார்.

கண்டிக்குத் திரும்பி நேரே கடைக்குப் போனோம். திறந்ததும் தூசு மூக்கில் ஏறியது. விளக்கில் எண்ணெய் காய்ந்து கறுத்திருந்தது. அவன் படத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். ஆணியிலிருந்து கழற்றப் போனவன் நின்று என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இன்னைக்கும் வெள்ளிக்கெழம."

அவன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

"எடுடா," என்றேன்.