கைக்கெட்டும் கம்பி

டவல் வார்மரைப் பற்றி கமாலுதீனிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மீள முடியாது. துபாயில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டல் ஓட்டலாக ஏறி, குளியலறைச் சுவர்களில் துண்டைக் காயவைக்கிற அந்தச் சூட்டுக் கம்பியைத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். ஷவருக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டடி இருக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தாலும் கழற்றி மறுபடி மாட்டச் சொல்வார். கூட வேலை பார்த்தவர்கள் அவரை 'ரெண்டடி பாய்' என்றே கூப்பிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர் காரைக்காலில் தன் வீட்டில் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது!

ஊருக்கு வந்து சேர்ந்தபோது மனைவி கமர் நிஷா பாதி உடம்பாகியிருந்தாள். சர்க்கரை. கால் மரத்து, கையும் மரத்து, குளியலறைப் படியில் இரண்டு தடவை விழுந்திருக்கிறாள்.

"போன்ல ஒரு வார்த்தை சொல்லலியே புள்ள?"

"சொன்னா மட்டும் பறந்தா வந்துருக்கப் போறீங்க மச்சான்?"

அந்தப் பதில் அவரைத் தூங்கவிடவில்லை. மறுவாரமே ஆள் வைத்துக் குளியலறையை உடைத்தார். படியை எடுத்துத் தரையைச் சமமாக்கி, கண்ணாடித் தடுப்பு வைத்து, நடந்தபடியே நுழைகிற ஷவர் போட்டார். உட்கார்ந்து குளிக்க ஒரு பலகையும் வைத்தார். கார்த்திகை மழையில் கடலோரத்து வீட்டில் துண்டு எங்கே காயும்? ஈரத்துண்டு பட்டால் அவளுக்கு உடம்பு உதறும். அதற்காக டவல் வார்மரும் வந்தது. அதை மட்டும் தன் கையாலேயே மாட்டுவதாக இருந்தார்.

ஒயர் இழுக்க வந்த எலக்ட்ரீசியன் செம்பியன், கமாலுதீன் குறித்திருந்த இடத்தைப் பார்த்துத் தயங்கினான்.

"ஷவருலேருந்து அரையடி கூட இல்லியே பாய். தள்ளிப் போட்டுரலாங்க."

"தள்ளிப் போட்டா அவ ஈரத்துல நடந்துல்ல போவணும்? ஒக்காந்த எடத்துலேருந்து கை நீட்டுனா எட்டணும் தம்பி."

"கரண்டு சமாச்சாரம் பாய்."

"கரண்டப் பத்தி எனக்கே பாடமா?"

ஊருக்குத்தான் உபதேசம்! ஆனால் ஒன்று, சுவிட்சை வெளியே வைத்தார். கரண்டு கசிந்தால் அந்த நொடியே துண்டிக்கிற பிரேக்கரைப் போட்டார். எர்த்தை மூன்று தடவை சோதித்தார். ஷாக் அடிக்க வழியே இல்லை. கரண்டைப் பற்றி அத்தனை யோசித்த மனுஷர் சூட்டைப் பற்றி யோசிக்கவில்லை. பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி வேண்டுமே என்பதும் தோன்றவில்லை. ஓட்டல்களில் கைப்பிடியை வேறு ஆட்கள் மாட்டுவார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை கமர் நிஷா குளித்துவிட்டு, சூடான துண்டை முகத்தில் ஒத்திக்கொண்டே வந்தாள். "எவ்வளவு எதமா இருக்கு மச்சான்!" அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்தவர் போனவரையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள், சோறு வைக்கும்போது அவள் இடது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. ஏதோ நாற்றம் வேறு. பிடித்து இழுத்துப் பார்த்தார். உள்ளங்கை கறுத்துச் சீழ் பிடித்திருந்தது. விரல்கள் வீங்கியிருந்தன.

"யா அல்லா! என்ன புள்ள இது?"

"எந்திரிக்கிறப்ப அந்தக் கம்பியப் புடிச்சிக்குவேன் மச்சான். விழுந்துருவேன்னு பயம். சுட்டது தெரியல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. விஷம் மணிக்கட்டுக்கு ஏறிவிட்டது, கையை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார். சம்மதக் காகிதத்தோடு கமாலுதீன் கட்டிலருகே வந்து நின்றார். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சுட்டது தெரியல, சரி. புண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சுதுல்ல? அன்னைக்கே ஏன் சொல்லல?"

அவள் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல நீங்க ஒங்க கையால மாட்டுனது அது ஒண்ணுதான் மச்சான். சொன்னா கழட்டிருவீங்க."

நர்ஸ் பேனாவை நீட்டினாள். கமாலுதீன் கையெழுத்துப் போட்டார்.