கண் சிமிட்டிய சிவப்புக் கார்

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் ஜெயகாந்தனுக்கு ‘தெரியாது’ என்ற சொல் வாயில் வராது. ஹட்டன் பஸ் எப்போது வரும் என்று கேட்டாலும் சரி, கல்யாணத்துக்கு எந்த நாள் நல்லது என்று கேட்டாலும் சரி, உடனே பதில் சொல்லிவிடுவார். பாதி தப்பாக இருக்கும். ஆனால் எஞ்சின் விஷயத்தில் கெட்டிக்காரர். அதனால்தான் புடவைக்கடை இஸ்ஸதீன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை அவரிடம் கொண்டுவந்தார். இரண்டே கதவு, மிளகாய்ப் பழச் சிவப்பு. சுவிட்சைத் தட்டினால் முன்விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும்.

ஜெயகாந்தன் சேர்விஸ் செய்து, பிளக் தீப்பொறி விடும் நேரமான டைமிங்கையும் சரிபார்த்து அனுப்பினார். மறுநாளே கார் திரும்பி வந்தது.

“தம்பி, மேட்டுல ஏற மாட்டேங்குது. தேயிலைக் கொழுந்து லொறியெல்லாம் எங்களத் தாண்டிப் போகுது. மீட்டர்ல ஒரு லைட் வேற மின்னிக்கிட்டே இருக்கு” என்றார் இஸ்ஸதீன்.

“அது காரு பேசுற பாஷை, இஸ்ஸதீன் நானா. எத்தன தடவ மின்னி, நின்னு, திரும்ப மின்னுதுன்னு எண்ணினா நோயோட நம்பர் வந்துடும்.”

ஜெயகாந்தன் சீட்டில் சாய்ந்து எண்ணினார். த்ரீவீலர் ஓட்டும் அழகுமுத்துவும் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு எண்ணினார்.

“ஒன்னு, அப்புறம் நாலு. பதினாலு! டைமிங் கோளாறு” என்றார் ஜெயகாந்தன்.

“எனக்கு இருபத்தஞ்சு வந்துச்சேண்ணே.”

“நீ நடுவுல கண்ண மூடித் தொறக்குற.”

உண்மையில் அந்த லைட் நிறுத்தமே இல்லாமல் ஒரே சீராக மின்னியது. ஜெயகாந்தன் மூச்சு விட எண்ணுவதை நிறுத்திய இடத்தில்தான் ‘ஒன்று’ முடிந்து ‘நாலு’ தொடங்கியது.

பதினாலுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு சாமான் வந்தது. மாட்டினார். கார் அப்படியே முனகியது. இன்னொன்று வந்தது. அதற்கும் மசியவில்லை. அழகுமுத்து எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். வைத்தார்கள். பழம் நசுங்கியது, லைட் மின்னியது.

ஹட்டனில் உறவுக்காரக் கல்யாணம். காத்திருந்து அலுத்த இஸ்ஸதீனின் மனைவி ஹலீமா, பட்டுப் புடவையோடு கராஜுக்கே வந்துவிட்டார். திறந்திருந்த பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், “இது என்ட கொண்டை ஊசியில்லையா?” என்றார்.

ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் இரண்டு துளைகளை இணைத்தபடி அந்த ஊசி குத்தி நின்றது.

சேர்விஸ் அன்று காரில் வந்திருந்த ஹலீமாவிடம் அதை வாங்கியவர் ஜெயகாந்தன்தான். அந்த இரண்டு துளைகளையும் இணைத்தால்தான் டைமிங்கை அசையாமல் நிறுத்திச் சரிபார்க்க முடியும். வேலை முடிந்ததும் கழற்ற மறந்துவிட்டார். ஊசி இருக்கும்வரை எஞ்சினுக்கு முழுப் பலம் வராது, லைட்டும் மின்னும். சீராக மின்னினால் ‘எனக்கு ஒரு நோயும் இல்லை’ என்று அர்த்தம்.

“அது வந்து... ஈரக் காத்துல சில சமயம்...” என்று ஆரம்பித்தவர், ஹலீமாவின் பார்வையைக் கண்டு நிறுத்தினார். “என் தப்புதாங்க. மறந்துட்டேன்.”

அழகுமுத்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். இஸ்ஸதீனுக்குக் கோபப்படத்தான் ஆசை. ஆனால் அவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

ஊசியைப் பிடுங்கியதும் லைட் அணைந்தது. ஹட்டன் ரோட்டில் கார் சீறிக்கொண்டு ஏறியது. முதல் வளைவிலேயே, ஓட்டிய இஸ்ஸதீன் ஸ்டியரிங்கை இறுகப் பற்றிக்கொண்டு வாய்க்குள் ஓதத் தொடங்கினார். கல்யாண வீட்டு வாசலில் இறங்கிய அவர் சாவியை மனைவியிடம் நீட்டினார்.

இப்போது அந்தக் காரை ஹலீமாதான் ஓட்டுகிறார். இஸ்ஸதீன் பஸ்ஸில் போகிறார்.