மூச்சை வெளியே விடக் கற்றுக்கொண்ட வருஷம்

போன வாரம் மருமகள் யோகா வகுப்புக்கென்று ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கி வந்தாள். உறையைப் பிரித்ததும் வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. அவள் ஜன்னலைத் திறக்க ஓடினாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது அப்பாவின் சட்டை வாசனை. அப்பா தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை பார்த்தார். ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு விறகுப் புகையில் காயவைக்கிற இடம் அது. எனக்கு ஏழு வயதில் மூச்சிழுப்பு வந்தபோது அம்மா அந்தச் சட்டையைத்தான் சந்தேகப்பட்டு, இனி அது வீட்டுக்குள் வரக்கூடாது என்று வெளியே கொடியில் போட்டுவிட்டார். சட்டை வெளியே போனது. இழுப்பு போகவில்லை.

அந்த இழுப்போடுதான் இருபத்தொரு வயதில் மலாக்காவுக்குத் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். மலாயா சுதந்திரம் அடைந்த 1957-ஆம் வருஷம். காஜா பெராங் பகுதியில் ஒரு மலாக்காச் செட்டி வீட்டில் அறை கிடைத்தது; பல தலைமுறைக்கு முன்பே தமிழகத்திலிருந்து வந்து தமிழை மறந்துவிட்டவர்கள். வீட்டில் ஒரு அம்மாவும் மகளும் மட்டும். சாமி அறையில் விநாயகரும் முருகனும் இருந்தார்கள். பேச்சு முழுக்க மலாய். மகள் காமாட்சிக்கு என் வயதுதான். கெபாயா என்கிற மலாய்ப் பெண்களின் மேல்சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். ஆசிரியை என்பதால் என்னைச் 'சிக்கு' என்று கூப்பிடுவாள். மலாயில் அது மரியாதையான சொல். தமிழ்க் காதுக்கு நூல் சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். தையல்காரி வாயிலிருந்து வந்ததால் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

இழுப்பைவிட அது வந்துவிடுமோ என்கிற பயம்தான் என்னை ஆட்டிவைத்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இல்லையென்றால் இறங்கிவிடுவேன். கதவைச் சாத்தித் தூங்கமாட்டேன். பழுப்பு நிற மருந்துப் புட்டி இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டேன். சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஊரே திடலில் கூடியபோது, கூட்டத்தில் மூச்சு முட்டும் என்று நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அம்மாவும் மகளும் திரும்பி வந்து கொடி ஏறியதைச் சொன்னார்கள். நான் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளுக்கு வகுப்பில் அதை நேரில் பார்த்தவள் மாதிரிச் சொன்னேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கடுத்த வாரம்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், ஒரு கடையில் பஞ்சாங்கங்களுக்கு நடுவே கிடந்தது. தமிழில் யோகாசனப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மீசை வைத்த ஒருவர் கோவணத்தோடு வளைந்து நின்றார். காமாட்சியின் அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். மறுநாள் பார்த்தால், ஒவ்வொரு படத்திலும் இடுப்பில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. சில ஆசனங்களில் கால் எங்கே போகிறது என்பதே அதனால் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

காமாட்சிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க மெஷினில் குனிந்து முதுகுவலி இருந்தது. நான் படித்து மலாயில் சொல்வேன், இருவரும் செய்வோம். அவளுடைய தையல் அறையில் மெங்குவாங் என்கிற தாழை ஓலைப் பாயை விரித்து, விடிந்ததும் அரைமணி நேரம். எனக்கு உடம்பு வளைந்தது. அவளுக்கு வளையவே இல்லை. குனிந்தால் விரலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் போகும். அவள் அதற்கு வெட்கப்படவில்லை. இஞ்சு டேப்பை எடுத்து அளந்தாள். பதினொன்று. சாக்குக்கட்டியால் சுவரில் எழுதி வைத்தாள். அடுத்த மாதம் பத்தரை. அதற்கடுத்த மாதமும் பத்தரை. "இதுக்கு ஒரு மாசமா?" என்று கேட்டேன். "கூடலையே, சிக்கு," என்றாள்.

என் பிரச்சினை வேறு. ஹலாசனம் என்று ஒன்று. மல்லாந்து படுத்து, காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் தரையில் வைக்கவேண்டும். வைத்தேன். தாடை நெஞ்சில் அழுந்தியது. மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்துக் காலை உதறினேன். தையல் மெஷின் மேலிருந்த ஊசி டப்பா, கத்தரிக்கோல், யாரோ ஒருத்தியின் பாதி தைத்த கெபாயா எல்லாம் என் மேல் விழுந்தன. காமாட்சி ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டே, "தாக்குத் அப்பா?" என்றாள். எதற்குப் பயம் என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கு மூச்சு ஒழுங்கா வருது. நீ கேப்ப," என்றேன்.

மூன்று வாரம் நான் அந்த அறைக்குப் போகவில்லை. அவள் மட்டும் செய்துகொண்டிருந்தாள். எழுத்து தெரியாததால் படத்தைப் பார்த்து, காகிதம் ஒட்டிய இடத்தை ஊகித்துச் செய்ததில் ஒருநாள் கழுத்து பிடித்துக்கொண்டது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நான்கு நாள் மெஷினை மிதித்தாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. "அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டாள். படித்தேன். கழுத்தைத் திருப்பக்கூடாது என்று முதல் வரியிலேயே இருந்தது. மறுநாளிலிருந்து மறுபடி போனேன்.

இதற்கு நடுவே அப்பாவின் கடிதம் வந்தது. 'அடுத்த வருஷக் கடைசிக்குள் உடம்பு தேறவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. மாப்பிள்ளை பார்க்கிறோம்.' அன்பாகத்தான் எழுதியிருந்தார். தோட்டத்துக்குத் திரும்பினால் அதன் பிறகு வெளியே வர இன்னொரு வாய்ப்பு கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்.

இழுப்பு வராதவர்கள், மூச்சு உள்ளே போகவில்லை என்று நினைப்பார்கள். உண்மையில் உள்ளே போனது வெளியே வராது. புத்தகத்தில் மூச்சுப் பயிற்சிப் பகுதியில், இழுப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் விடவேண்டும் என்றிருந்தது. நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுவோம். சத்து, டுவா, தீகா என்று காமாட்சி மலாயில் எண்ணுவாள். எனக்கு ஐந்துக்கு மேல் போகாது. உடனே பயந்து இழுத்துவிடுவேன். அவள் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவாள். எத்தனை காலை அப்படிப் போயிற்று என்று எனக்குக் கணக்கில்லை.

அடுத்த வருஷம் மண்டி சாபார் வந்தது. இஸ்லாமியரின் சாபார் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை ஊரே கடலில் குளிக்கப் போகும் நாள். மலாய்க்காரர், சீனர், நாங்கள் என்று யாரும் பாக்கியில்லை. மாட்டுவண்டிகளில் பாட்டுக் கோஷ்டிகள் வரும். காமாட்சி என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கிளேபாங் கடற்கரையில் இறங்கி மணலில் நடக்கும்போதுதான் பையைப் பார்த்தேன். மருந்துப் புட்டி இல்லை. சீட்டில் விட்டிருக்கிறேன். பஸ் போய்விட்டது.

இழுப்பு உடனே வந்துவிட்டது. புட்டி இல்லை என்று தெரிந்ததால்தான் வந்ததோ என்னவோ. மணலில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிக் கூட்டம் கூடியது. காமாட்சி எல்லோரையும் விலக்கிவிட்டு, அங்கிருந்த ஒருவரை சைக்கிளில் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினாள். பிறகு என் முதுகில் கையை வைத்து எண்ண ஆரம்பித்தாள்.

"செத்துடுவேன்," என்றேன்.

"சரி. எட்டு வரைக்கும் விட்டுட்டுச் சா," என்றாள்.

விட்டேன். மூன்று வரை போயிற்று. அவள் முதலிலிருந்து எண்ணினாள். நான்கு. மறுபடி மூன்று. பயம் நெஞ்சை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருக்கும்போது அதற்கு நான் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டாக்டர் வீட்டு ஆள் மருந்தோடு வந்தபோது நான் ஏழில் இருந்தேன். மருந்தையும் குடித்தேன். இழுப்பு வேறு, அதைப் பற்றிய பயம் வேறு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். இழுப்பு இன்றைக்கும் இருக்கிறது. மழைக்காலத்தில் வரும், போகும். அந்த வருஷக் கடைசியில் அப்பாவுக்கு, 'உடம்பு அப்படியேதான் இருக்கிறது, நான் இங்கேயே இருக்கிறேன்' என்று எழுதினேன். முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

காமாட்சியின் விரல் தரையைத் தொட்டது ஒரு வருஷமும் நான்கு மாதமும் கழித்து. ஒரு வியாழக்கிழமை. உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, சோறு பொங்கிவிடும் என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். நான்தான் சுவரில் பூஜ்யம் போட்டேன்.

கல்யாணமாகி அவள் சிங்கப்பூர் போனாள். சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வருஷம் பிந்தித்தான் கிடைத்தது. அந்த வீட்டை இடித்து மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். மண்டி சாபாரும் நின்றுபோய்விட்டது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. போன மாதம் மகன் என்னைக் கிளேபாங்குக்குக் கூட்டிப்போனான். கடலைத் தூர்த்து வெகுதூரம் நிலமாக்கிவிட்டார்கள். நான் உட்கார்ந்த இடத்தைத் தேடினேன். கார்கள் நிற்கிற மைதானமும் தேங்காய் ஷேக் விற்கிற கடையுமாக இருந்தது. கடைக்காரப் பையனிடம், இங்கேதான் கடல் இருந்தது என்று மலாயில் சொன்னேன். "அப்படியா நெனெக்?" என்று, பாட்டி என்பதற்கான மலாய்ச் சொல்லால் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஐஸ் போடவா வேண்டாமா என்றான்.